பத்துக்குக் குறையாமல்

ஒன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டபோதே நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது, இது பயமில்லை, பயம் எனக்கு வயிற்றில் வரும், இது நெஞ்சில் வருவது, மில் வாசலில் ஆட்கள் சேர்ந்து நிற்க மைக்கைக் கையில் வாங்குவதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் வருமே அது, இருபது வருடமாக வராமல் இருந்தது இன்று எட்டாம் வகுப்பு பி பிரிவின் கடைசி பெஞ்சில், முழங்கால் இரண்டும் மேசையின் அடியில் இடிக்க உட்கார்ந்திருக்கும்போது வந்திருக்கிறது. மூன்றாவது பீரியட். பத்து ஐம்பதுக்கு மணி அடித்தது, பதினொன்றரைக்கு அடுத்த மணி, நடுவே நாற்பது நிமிடம், என் கையில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு படிவம், ‘கற்பித்தலில் தொழில்நுட்பப் பயன்பாடு’ என்று தலைப்பு, கீழே இருபது கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று கட்டம், ஆம் என்றால் ஒரு மதிப்பெண், ஓரளவு என்றால் அரை, இல்லை என்றால் சைபர், எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. காலையில் தலைமையாசிரியர் அருள்தாஸ் தன் அறையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார், “பத்துக்குக் கீழ போச்சுன்னா ஸ்மார்ட் போர்டைக் கழட்டிட்டுப் போயி வேற ஸ்கூலுக்குக் குடுத்துருவாங்கண்ணா, பதினஞ்சுக்கு மேல போச்சுன்னா முன்மாதிரி வகுப்பு, பாத்துப் போடுங்க.” “பாத்துத்தான் சார் போடுவேன், பாக்காம போடறதுன்னா நீங்களே போட்டுக்கலாமே” என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், பேச்சுவார்த்தைக்குப் போனால் லேபர் ஆபீசர் சிரிக்கும் சிரிப்பு, பிஸ்கட் தட்டை நம் பக்கம் தள்ளிவிட்டுச் சிரிப்பது. மருதாசலம் பிஸ்கட் தின்னமாட்டான் என்று அப்போதே எல்லாருக்கும் தெரியும், இவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் என் பெயருக்கு நேரே கல்வி ஆர்வலர் என்று போட்டிருக்கிறார்கள், ஐந்தாம் வகுப்போடு மில்லுக்குப் போனவன் கல்வி ஆர்வலன், போகட்டும், ஆனால் இந்த ஸ்மார்ட் போர்டு இந்தச் சுவரில் தொங்குவது யாரால் என்று அருள்தாஸிடம் கேட்க வேண்டும், அவர் அப்போது இந்தப் பள்ளிக்கு வரவே இல்லை. எதிர்ச்சாரியில் இருக்கும் மெட்ரிக் பள்ளிக்காரன் ஸ்மார்ட் கிளாஸ் என்று மூன்றாள் உயரத்துக்குப் பேனர் கட்டினான், அதைப் பார்த்துக்கொண்டே மில் காலனிப் பிள்ளைகள் இந்தப் பள்ளிக்குள் நுழைந்தார்கள், எனக்கு ரத்தம் கொதித்தது, பதினான்கு மனு, ஏழு துண்டறிக்கை, ஒருநாள் முற்பகல் முழுக்கக் கல்வி அலுவலகத்துப் படியில் உட்கார்ந்தோம், நானும் பதினொரு பெண்களும், ஆண்கள் எவனும் வரவில்லை. அப்படி வாங்கிய போர்டு. அதைத்தான் இப்போது என் கையாலேயே எழுதிக் கொடுத்து அனுப்பப்போகிறேன், ஆறாவது கேள்வி வரைக்கும் சைபர் விழுந்துவிட்டது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, இதில் என்ன சந்தோஷம் உனக்கு என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிப்பதில் இருக்கும் சந்தோஷம் பிடித்தவனுக்குத்தான் தெரியும்.

ஏனென்றால் நான் பார்த்துவிட்டேன். உள்ளே நுழைந்த அந்தக் கணத்திலேயே பார்த்துவிட்டேன். முதல் பெஞ்சில் ரெட்டைச் சடை போட்ட பெண், அவள் மேசையின் இடது ஓரத்தில் சிவப்பு மூடி போட்ட தண்ணீர் பாட்டில், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அது இடது ஓரத்தில் இருந்தது, நான் நிமிர்ந்தபோது வலது ஓரத்துக்குப் போய்விட்டது, அவள் அதைத் திறக்கவில்லை, குடிக்கவில்லை, நகர்த்தினாள், அவ்வளவுதான். உடனே கணக்கு டீச்சர் சவுடேஸ்வரி போர்டுக்குப் போய் ஒரு இடத்தில் தொட்டார், எழுதியிருந்ததெல்லாம் மறைந்து ஒரு படம் ஓட ஆரம்பித்தது, கல்வி அலுவலகம் அனுப்பிவைத்த பாடப் படம், விண்வெளி உடை போட்ட பொம்மைப் பையன் ஒருவன் தராசைப் பிடித்துக்கொண்டு, நண்பர்களே சமன்பாடு என்றால் என்ன தெரியுமா என்று கேட்கிறான், நாற்பத்திரண்டு பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு அவனைப் பார்க்கிறார்கள். டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, சுண்ணக்கட்டி பிடித்துப் பிடித்து வெளுத்த விரல், நடுவில் ஒருமுறை படத்தை நிறுத்தி “புரிஞ்சுதா?” என்றார், “புரிஞ்சுது டீச்சர்” என்று ஒரே குரல், ஒரே நீளம், ஒரே இடத்தில் முடிகிறது. ஒத்திகை. இது ஒத்திகை இல்லாவிட்டால் நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். நாற்பத்திரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் ஒரே விஷயம் புரியுமா, எங்கள் செயற்குழுவில் பதினேழு பேருக்கே புரியாது. ஆசிரியர் கருவியைத் தயக்கமின்றிக் கையாளுகிறாரா, ஒரு தடவை தொட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், இல்லை. மாணவர்கள் திரையைத் தாங்களே பயன்படுத்துகிறார்களா, இல்லை. கேள்வி கேட்கிறார்களா, இல்லை. இல்லை, இல்லை, பேனா தானாக ஓடுகிறது, தலைப்புகூட மனதில் வந்துவிட்டது, ‘திரை இருக்கிறது, கல்வி எங்கே?’, பெரிய எழுத்தில், அதற்குக் கீழே மூன்று பத்தி, கடைசியில் நாள், என் பெயர். நான் படித்ததெல்லாம் அப்படிப்பட்ட காகிதத்தில்தான், மில்லின் கழிவறைச் சுவரில் பசை காயாமல் ஒட்டியிருக்கும் ஒரு பக்கக் காகிதம், பள்ளி எழுத்தெல்லாம் மறந்துபோன பத்தொன்பது வயதில் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, சுரண்டல் என்ற வார்த்தையைப் படிக்கத் தெரிந்த பிறகுதான் எனக்கு வீட்டுக்குக் கடிதம் எழுதத் தெரிந்தது. புத்தகம் படித்தவன் முந்நூறு பக்கம் கழித்து ஒரு முடிவுக்கு வருவான், துண்டறிக்கை படித்தவன் முடிவில்தான் ஆரம்பிப்பான், அது எங்கள் பலம், அதை வைத்துத்தான் நாலாயிரம் பேரை வெளியே இழுத்தோம். சங்கத்தின் பொன்விழா மலரில் அந்த வேலைநிறுத்தத்துக்கு எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், படம் வேறு, என் பெயர் ஒரு இடத்திலும் இல்லை, பதினொரு நாள் ஜெயிலில் கிடந்தவன் பெயர் இல்லை, மில் நிலத்தில் எழும்பிய அடுக்குமாடியில் இரண்டாம் மாடி வாங்கியவனுக்கு அரைப்பக்கம். சரி விடு. அதை இப்போது ஏன் நினைக்கிறாய். ஏழாவது கேள்வியைப் பார்.

ஏழாவது கேள்வியைப் படிக்கும்போது பக்கத்தில் இருக்கும் பெண் என் அட்டையை எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது, சட்டென்று அட்டையை மார்புப் பக்கம் சாய்த்துக்கொண்டேன், கை தானாகச் செய்தது, செய்த பிறகு எனக்கே ஒரு மாதிரி இருந்தது, இந்தச் சாய்ப்பை எங்கோ பார்த்திருக்கிறேன், எங்கே, யார், வாயில் வருகிறது பெயர் வரவில்லை. விடு. பிள்ளைகள் படத்தைப் பார்க்கிறார்கள், நான் திரையைப் பார்த்தேன், படத்தை அல்ல, திரையை. பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வெயில் சாய்வாக விழுந்து கண்ணாடியில் படிந்தபோது அது தெரிந்தது. விரல் தடம். கண்ணாடியின் கீழ்ப்பாதி முழுக்க, ஒன்றின் மேல் ஒன்றாக, இழுத்த கோடு, சுழித்த வட்டம், உள்ளங்கை ஊன்றிய அழுக்கு, மேல்பாதி சுத்தம், கீழ்ப்பாதியில் கண்ணாடி நிறமே மங்கிக் கிடக்கிறது, பெரியவர்கள் நின்று தொடுகிற உயரமில்லை அது, பன்னிரண்டு பதின்மூன்று வயதுக் கைகள் எட்டுகிற உயரம். ஓரத்தில் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் தாளும் இல்லை, எப்போதோ உரிந்து போயிருக்கிறது. எனக்கு இயந்திரம் தெரியும். இருபத்தாறு வருடம் ரிங் ஃபிரேம் என்கிற நூற்பு மெஷினில் அறுந்த நூல் ஒட்டியவன் நான், ஓடுகிற மெஷினுக்கும் விருந்தாளிக்காகத் துடைத்துவைத்த மெஷினுக்கும் வித்தியாசம் கேட்கவே வேண்டாம், கைபடுகிற இடத்தில் பெயின்ட் போய் இரும்பு பளபளக்கும், அந்த இடத்தைப் பார்த்தாலே போதும், எந்த ஷிப்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றுகூடச் சொல்லிவிடலாம். இது ஓடுகிற மெஷின். மூன்று ஷிப்டும் ஓடுகிற மெஷின். அப்படியானால் இந்தப் பொம்மைப் பையன் யார், இவன் ஓடினால் கண்ணாடியில் ஒரு விரல்கூடப் படாதே. எனக்குப் பயம் வந்தது, இந்தத் தடவை வயிற்றில். ஆறு சைபர் மையில் போட்டிருக்கிறேன், அடித்தல் திருத்தல் கூடாது. பொய் சொல்கிறார்கள், அது நிச்சயம், பாட்டில் நகர்ந்தது, ஒத்திகை நடந்தது, ஆனால் பொய் எந்தப் பக்கம் போகிறது, இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறார்களா, இல்லை…

பக்கத்துப் பெண்ணிடம் கேட்டேன், படத்தின் சத்தத்துக்கு அடியில், முகத்தைத் திருப்பாமல், “அம்மணி, உம் பேரென்ன?” “பூனமுங்க.” “எந்த ஊரு?” “இங்கதானுங்க, மில்லு லைன் ஊடு.” “அதுக்கு முன்னால?” “பீகாருங்க. எனக்கு அதெல்லாம் நாபகமில்லீங்க.” அவள் அப்பா சூலூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலையாம், நாலு வயதில் வந்தவளாம், என் பேத்தியைவிடச் சுத்தமாக எங்கள் ஊர்ப் பேச்சு பேசுகிறாள். “தெனமும் இந்தப் படந்தான் ஓடுமா?” “ஓடுமுங்க.” “நல்லாருக்குமா?” “நல்லாருக்குமுங்க.” “என்ன புரிஞ்சுது?” “எல்லாமே புரிஞ்சுதுங்க.” சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட சிலேட்டு, கண் மட்டும் என் பேனா நுனியில் இருந்தது, அந்த முகம், அந்த முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்த முகத்தை நான் போட்டிருக்கிறேன், உள்ளிருந்து தெரியும் அது, கன்னம் எப்படி இறுகும், நாக்கு எப்படி மேலண்ணத்தில் ஒட்டும், எல்லாம், எண்பத்து மூன்றாம் வருடம் அந்த ஆள் நான் பார்க்கும் மெஷின் பக்கத்துக்கு, சைடு என்போம், வந்து நின்று, ஒரு அறுந்த நூலை ஒட்ட எவ்வளவு நேரமாகும் என்று கேட்டபோது நான் போட்ட முகம். ஸ்டாப் வாட்ச்சும் அட்டையுமாக வருவான், மெல்லிய மீசை, வேலைப்பளு கணக்கெடுக்க வந்தவன், நாங்கள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, வாட்ச்சு என்போம், ஒருவன் இரண்டு சைடு பார்க்கிறான், மூன்று பார்க்க முடியுமா என்று கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை, எழுதும்போது அட்டையை மார்புப் பக்கம் சாய்த்துக்கொள்வான். அவன்தான். அந்தச் சாய்ப்பு அவனுடையது. என் கையில் அவன் அட்டை. கிட்டான் என்று ஒரு கிழவர் ஃபிரேம் ஓரத்தில் நிற்பார், வாட்ச்சு உள்ளே வந்ததும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தலையில் கட்டுவார், அவ்வளவுதான், இலாகா முழுக்க நடை மாறிவிடும். நிர்வாகம் அதை ஸ்லோ டவுன் என்று சந்தேகப்பட்டு மெமோ கொடுக்கும், நிரூபிக்க முடியாது, நாங்கள் நிதானம் என்று சொல்வோம். கைதேர்ந்தவன் கைதேராதவன்போல் தடுமாறுவது, முப்பது நொடி வேலைக்கு ஐம்பது நொடி எடுப்பது, அதை வேண்டுமென்றே செய்வதாகத் தெரியாமல் செய்வது, வேகமாக வேலை செய்வதைவிடக் கஷ்டமான வேலை அது, அதற்கு மூன்று வருடம் பழகினோம். இந்த நாற்பத்திரண்டு பேரும் இப்போது அதைத்தான் செய்கிறார்கள். இது இல்லாததை இருப்பதாகக் காட்டும் நாடகம் இல்லை. இருப்பதை மறைக்கிறார்கள். நிதானம். எட்டாம் வகுப்பு பி பிரிவு நிதானம் செய்கிறது, யாரிடம், என்னிடம், நிதானத்தைக் கண்டுபிடித்த மருதாசலத்திடம், நான் பத்து நிமிடமாக வாயைப் பிளந்து ஏமாந்து உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, அடக்கியதில் மூக்கு வழியாக வந்துவிட்டது, முன் பெஞ்சுக்காரி ஒருத்தி திரும்பினாள்.

“பூனம்” என்றேன், “அந்தச் செவப்பு மூடி பாட்டில நவுத்துனது எதுக்கு?” “எந்த பாட்டிலுங்க?” “மொதல் பெஞ்சுல.” “தண்ணி குடிச்சிருப்பாளுங்க.” “குடிக்கல. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்.” கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவளை மிரட்டிவிட்டேன் என்று தெரிந்தது, இதை எப்படிக் கேட்பது, வாட்ச்சு கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன், ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன், அவன் முதலில் தன்னுடையதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை. “நாங்க துண்டெடுத்துத் தலையில கட்டுவோம்” என்றேன். ஓரக்கண்ணால் பார்த்தாள். “யாருங்க?” “மில்லுல நாங்க. ஒருத்தன் வாட்ச்ச வெச்சுக்கிட்டு வருவான், நாம எத்தன வேகமா வேலை செய்யறம்னு பாத்து எழுதிக்குவான். வேகமாச் செஞ்சா அடுத்த மாசத்துல இருந்து அதே வேகந்தான் எல்லாருக்கும். அதனால அவன் வந்தா ஒரு பெரியவரு தலையில துண்டு கட்டுவாரு.” “கட்டுனா?” “மெல்ல நடப்போம்.” “அவரு கண்டுபுடிக்கலீங்களா?” “பதினொரு வருசம் கண்டுபுடிக்கல.” அவள் அதை யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள், இரண்டு தொழிற்சங்கக்காரர்கள் சந்தித்தால் உறுப்பினர் கணக்கை ஒப்பிடுவதுபோல். “நாங்க ஏழு மாசமுங்க” என்றாள். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். முன்னால் சவுடேஸ்வரி டீச்சர் எங்களைப் பார்த்தார், எழுந்து வரவில்லை, அதட்டவில்லை, ரிமோட்டை எடுத்துப் படத்தின் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டிவைத்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் புல்லரித்தது. “டீச்சருக்குத் தெரியுமா?” “டீச்சருக்குத் தெரியாதுன்னுதானுங்க நாங்க வெச்சிருக்கறோம்.”

பிறகு கேட்காமலே சொன்னாள், துண்டு துண்டாக, பொம்மைப் பையன் பேசும்போது பேசியும் அவன் நிறுத்தும்போது நிறுத்தியும். கணக்கு தப்பாகப் போட்டவர் யாராக இருந்தாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து அதே தப்போடு போர்டில் விரலால் எழுத வேண்டும், போர்டு அதைப் பதிந்து வைத்துக்கொள்ளும். மறுநாள் டீச்சர் அதை ஓட்டுவார், யார் எழுதியது என்று இருக்காது, யாரும் கேட்கக் கூடாது, வெறும் எழுத்து மட்டும் ஒவ்வொரு கோடாகத் தானே எழுதிக்கொண்டு போகும், தப்பு விழுகிற இடத்தில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நில்லு என்று கத்த வேண்டும். “சீக்கிரமாக் கத்துனாலும் தப்பு, லேட்டாக் கத்துனாலும் தப்புங்க. கரெக்டா அந்தக் கோட்டுல கத்தோணும்.” பின்னால் ஓட்டி மறுபடி பார்ப்பார்களாம், எங்கே கை தயங்கியது, எங்கே தயங்காமலே தப்பாகப் போனது, அதற்குத்தான் சண்டையாம், ஒரு கணக்குக்கு அரை மணி நேரம் சண்டையாம், எழுதியவர் கூட்டத்தோடு கூட்டமாகத் தன் தப்புக்குத் தானே நில்லு என்று கத்துவாராம். நான் பேனாவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன், கரும்பலகையில் இது முடியாது, கரும்பலகை முடிந்துபோனதைத்தான் காட்டும், தப்பு எப்படி நடந்தது என்று காட்டாது, நடந்ததை மறுபடி ஓட்டி இதோ இந்த இடம் என்று காட்டுகிற ஒரு கருவி எங்களிடம் இருந்திருந்தால், அந்த வேலைநிறுத்தத்தில் எண்பத்து மூன்றாம் நாள் பேச்சுவார்த்தை மேசையிலிருந்து நான் எழுந்து வெளியே வந்தேனே, கைதட்டினார்களே, தோளில் தூக்கினார்களே, யாராவது ஒருவன், ஒரே ஒருவன், நில்லு என்று கத்தியிருந்தால் மில் மூடாமல் இருந்திருக்குமோ என்னவோ. இல்லை, நான் வெளியே வந்தது சரிதான். சரியென்றுதான் முப்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். கதவுப் பக்கம் நடக்கும்போது கால் ஒரு கணம் தயங்கியது, அதை யாரும் பார்க்கவில்லை. “அப்பறம் ஏன் மறைக்கறீங்க?” என்றேன். போன வருடம் ஒரு ஆபீசர் வந்தாராம், பார்த்தாராம், நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினாராம். மறுவாரமே உத்தரவு, தினமும் ஐந்து பதிவு அனுப்ப வேண்டும், யார் எழுதியது என்று பெயரோடு, வரிசை எண்ணோடு. தப்பு போதவில்லை என்று டீச்சர் நல்லாப் போடுகிறவர்களையும் தப்பாகப் போடச் சொல்ல வேண்டியதாயிற்றாம். பெயர் போட்ட பதிவுகள் போன் போனாகச் சுற்றின. பூனத்தின் கணக்கு ஒன்று, சமன்பாட்டில் பக்கம் மாற்றும்போது குறியை மாற்றாமல் விட்டது, லைன் வீடு முழுக்கப் போய், குழாயடியில் அவள் அம்மாவிடம் ஒருத்தி உன் மகள் ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறாளாமே என்றாளாம். “ஒம்பது நாளு நான் ஸ்கூலுக்கு வல்லீங்க. அப்பறம் இவிய எல்லாரும் ஊட்டுக்கு வந்து கூட்டிட்டு வந்தாங்க. அன்னிக்குத்தான் முடிவு பண்ணுனோம். பேப்பரு வெச்சுக்கிட்டு ஆரு வந்தாலும் படந்தான். பதிவு கேக்கறதும் அப்பறம் நின்னு போச்சுங்க.” கூட்டம் போட்டிருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவள் வீட்டுக்குப் போய், அழைத்துவந்து, கூட்டம் போட்டு, முடிவெடுத்து, ஏழு மாதம் ஒருவர்கூட வாய்விடவில்லை. சங்கத்தில் இப்படி ஒரு கூட்டம் எனக்கு நாற்பது வருடம் வாய்க்கவில்லை, எனக்கு எழுந்து நின்று ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, முழங்கால் மேசையில் இடித்தது, உட்கார்ந்துவிட்டேன்.

பதினொன்று இருபத்தொன்று. ஒன்பது நிமிடம். யோசி. உள்ளதை உள்ளபடி எழுதினால் பதினைந்தைத் தாண்டும், முன்மாதிரி வகுப்பு, கேமரா வரும், ஐந்து பதிவு பத்துப் பதிவாகும், மூன்றாவது சைடு தலையில் விழும். பார்த்ததை எழுதினால் பத்துக்குக் கீழே, திங்கட்கிழமை வேன் வந்து போர்டைக் கழற்றும், கீழ்ப்பாதி விரல் தடத்தோடு வேறொரு பள்ளிக்குப் போகும், அங்கே துடைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது, அது எனக்குத் தெரியும், மில்லில் அந்தச் சந்தில்தான் பதினொரு வருடம் நடந்தோம், நிர்வாகம் ஆளை வேலையைவிட்டு எடுக்கவும் முடியாது, வேகத்தைக் கூட்டவும் முடியாது, அப்படி ஒரு அளவு. ஓரளவு. இந்த வார்த்தையை நான் எவ்வளவு வெறுத்திருக்கிறேன், கோரிக்கைகள் ஓரளவு ஏற்கப்பட்டன என்று எழுதினால் அந்த அறிக்கையைக் கிழித்துப் போடுவேன், இப்போது அதே வார்த்தை இருபது கேள்விக்கும் நடுக்கட்டத்தில் அழகாக உட்கார்ந்திருக்கிறது, இருபது அரை பத்து, எவ்வளவு சுலபம், ஏழாவது கேள்வி, ஓரளவு, எட்டு, ஓரளவு, கை பறக்கிறது, சந்தோஷமாக இருக்கிறது, உள்ளூர் மொழியில் பாடப்பொருள் உள்ளதா, ஓரளவு, மெல்லக் கற்போருக்குத் தனிக் கவனம் தரப்படுகிறதா, ஓரளவு, பத்து, பதினொன்று, அட்டை எப்போது சாய்வு மாறியது என்று தெரியாது, மேசை மேல் தட்டையாகக் கிடக்கிறது, பூனம் பக்கமாகவே நகர்த்தி வைத்திருக்கிறேன், அளக்கிறவன் அளக்கப்படுகிறவளுக்குத் தாளைக் காட்டுகிறான், வாட்ச்சு ஒருநாள் இப்படிக் காட்டியிருந்தால் அவனுக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்திருப்போம், பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, ஓரளவு, பதினைந்துக்குப் பேனாவைக் கொண்டுபோனேன்.

“நில்லுங்க” என்றாள்.

கத்தவில்லை, மூச்சுக்குள் சொன்னாள், ஆனால் என் கை அப்படியே நின்றது. “என்ன?” “எத்தன வரோணுமுங்க?” “பத்து. பத்துக்குக் கொறஞ்சா எடுத்துட்டுப் போயிருவாங்க.” “ஆறு சைபர் போட்டிருக்கறீங்க.” “ஆமா.” “அப்பறம் எட்டு அரை, நாலு. எல்லாத்துக்கும் அரையே போட்டீங்கன்னா ஏழுதானுங்க வரும்.” நான் தாளைப் பார்த்தேன். இருபது அரை பத்து என்றுதான் ஓடிக்கொண்டிருந்தேன், அந்த ஆறு சைபரையும் நானே போட்டேன், நானே மறந்தேன், எழுபது வயதை நெருங்குகிறவன், இப்படித்தான் நடந்திருக்கும் எல்லாமே, கை தயங்காமல் தப்பாகப் போன இடம் இது. “இன்னும் ஒன்னு அரை போட்டீங்கன்னா அப்பறம் என்ன பண்ணுனாலும் ஒம்பதரைதானுங்க. மிச்சம் ஆறுக்கும் ஆம் போட்டாத்தான் பத்து.” விரல் விட்டு எண்ணினேன், அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறும் நாலும் பத்து. சரிதான். “இத்தன சைபர் எதுக்குங்க போட்டீங்க?” “கோவத்துல போட்டேன்.” “எங்க மேலயா?” “ஆமா. ஏமாத்தறீங்கன்னு நெனச்சேன்.” “ஏமாத்தத்தானுங்க செஞ்சோம்” என்றாள், முதல்முறையாகச் சிரித்தாள், மேல்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. வகுப்பில் மின் இணைப்பு உள்ளதா, ஆம். கருவி பூட்டிப் பாதுகாக்கப்படுகிறதா, ஆம், பெருமையாகப் போட்டேன். பதினேழு, அறிவிப்புப் பலகை, ஆம். பதினெட்டு, ஆசிரியருக்குப் பயிற்சிச் சான்றிதழ், ஆம். பதினொன்று இருபத்தெட்டு, அருள்தாஸ் வாசலில் வந்து நின்றுகொண்டு வாட்ச்சைப் பார்க்கிறார், படத்தில் பொம்மைப் பையன் கையசைத்து விடைபெறுகிறான், “புரிஞ்சுதா?” என்கிறார் டீச்சர், “புரிஞ்சுது டீச்சர்”, என்ன அருமையான குரல், ஒரே நீளம், ஒரே இடத்தில் முடிகிறது. பத்தொன்பது, பாதுகாப்பான இருக்கை வசதி, ஆம், முழங்கால் வலிக்கிறது, ஆம். இருபதாவது கேள்வி, இந்தக் கருவி மாணவர்களின் கற்றலுக்கு உண்மையாகவே உதவுகிறதா. அதை இரண்டு தடவை படித்தேன். இதற்கு ஆம் என்று போட்டால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பூனம் கேட்டாள், கேள்வியில் விரல் வைத்து. மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன், ஆறு இல்லை, எட்டு ஓரளவு, மின் இணைப்பு, பூட்டு, அறிவிப்புப் பலகை, சான்றிதழ், இருக்கை, யாரோ ஒரு கிழவன் பத்து மதிப்பெண்ணைத் தேற்றுவதற்காகக் கடைசியில் வரிசையாக ஆம் போட்டுக்கொண்டே வந்திருக்கிறான், யார் படித்தாலும் அப்படித்தான் தெரியும். “கண்டுபுடிக்கமாட்டாங்க” என்றேன். நாற்பது நிமிடத்தில் நான் எழுதிய உருப்படியான ஒரே உண்மையை அந்த வரிசையின் கடைசியில், மற்ற டிக்குகளைவிட அழுத்தாமலும் லேசாக்காமலும், அதே அளவில் போட்டுக் கையெழுத்திட்டேன்.